காப்புக் கட்டிய சக்கரம்

இசைவாணியின் கால் நாள் முழுவதும் பிறருடைய வேகத்தின் மேல் இருந்தது. திண்டுக்கல் நாகல் நகரில், பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்பிக்கும் பள்ளி ஒன்றில் அவள் ஆசிரியை. கற்பவள் வலப்பக்கம் அமர்ந்து ஸ்டியரிங்கைக் கிணற்றுக் கயிறு போல இறுகப் பற்றிக்கொள்வாள். இவள் இடப்பக்கம் அமர்ந்து, தன் காலடியில் தனியே பொருத்திய இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்திருப்பாள். பிரியாணிக் கடை வாசலில் பெருகும் கூட்டமோ, குறுக்கே புகும் டவுன் பஸ்ஸோ, எது எதிர்ப்பட்டாலும் கற்பவள் கண்ணை மூடுவாள். இவள் பிரேக்கை மிதிப்பாள். வேகமானி நாற்பதைக் கண்ட நாள் அந்தப் பள்ளியில் விடிந்ததில்லை.

அவள் உள்ளத்தில் ஓடிய தேரோ வேறு. மாலையானதும், மலைக்கோட்டையை நோக்கிய தெருவில், செருப்புக் கடையின் மாடியில் வாஜித் நடத்திவந்த கணினி விளையாட்டுக் கூடத்துக்கு ஏறுவாள். திரைக்கு முன்னே கார் இருக்கையும் ஸ்டியரிங் சக்கரமும் காலுக்கு மிதிகளும் பூட்டிய ஆசனங்கள் அங்கே வரிசையாக இருந்தன. அமர்ந்து விசையை அழுத்தினால் பந்தயக் காரின் மூக்கு கண்முன் நீளும். வளைவுகள் வாய் திறந்து எதிரே வரும். யாருடைய அச்சத்துக்காகவும் அங்கே அவள் பிரேக் மிதிக்க வேண்டியதில்லை.

அந்த ஆண்டு கோயம்புத்தூரில் இருந்த ஒரு பந்தயப் பயிற்சி நிறுவனம் அறிவிப்பு ஒன்றை வெளியிட்டது. ஊர்தோறும் உள்ள விளையாட்டுக் கூடங்கள் தத்தம் சார்பில் ஒரே ஒருவரை அனுப்பலாம். அனுப்பப்பட்டவர் ஓராண்டு உண்மையான காரில், உண்மையான தடத்தில் பழக்கப்படுவார். வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். இசைவாணிக்கு இருபத்தைந்து நிறைய இரண்டு மாதமே இருந்தது. இந்த வாசல் மூடினால் வேறு வாசல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

வாஜித் கடையில் அவளுக்கு ஈடு கொடுத்து ஓட்டக்கூடியவன் ஒருவனே: வாஜித்தின் தம்பி நிஹால். இருபது வயது; சிரித்தால் கன்னத்தில் குழி விழும்; தோற்றவனைக் கட்டிக்கொள்வான். அவனுக்கும் இது கடைசி வாய்ப்புத்தான். அவர்களுடைய அத்தா ஜெகபர் அலி தோல் ஷாப் வைத்திருந்தார். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறவைத்து மயிர் நீக்கும் வேலை. இந்தப் போட்டியில் தேறாவிட்டால் மறுநாளே தொட்டிக் கரைக்கு வந்துவிட வேண்டும் என்று மகனுக்குச் சொல்லிவிட்டார். தம்பி அந்த நாற்றத்தில் நிற்பதை வாஜித்தால் நினைத்துப் பார்க்கவும் இயலவில்லை. பெற்ற பிள்ளையைப் போல அவனை வளர்த்தவன் வாஜித்.

இருவரில் எவர் என்பதை முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமையை நாளாகக் குறித்தார்கள். நாள் குறித்தவுடன் காப்புக் கட்டினார்கள்.

அந்தக் கடையில் மட்டும் விளங்கிய வழக்கம் அது. ஷேர் ஆட்டோ ஓட்டும் மூக்கையா என்பவர் விளையாட மாட்டார். வேடிக்கை பார்த்து வாயாட மட்டும் படியேறுவார். முன்னொரு மாசித் திருவிழாவின்போது தம் மணிக்கட்டில் கட்டி மிஞ்சிய மஞ்சள் கயிற்றை ஒரு ஸ்டியரிங்கில் சுற்றி, "காப்புக் கட்டியாச்சு! போட்டி முடியிற வரைக்கும் வேற எவனும் இதத் தொடப்படாது. தொட்டா ஆத்தா கண்ணக் குத்திப்புடுவா" என்றார். வாஜித் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டான். வேடிக்கை வழக்கமாயிற்று; வழக்கம் கட்டளையாயிற்று. காப்புக் கட்டிய ஆசனத்தில் உரியவரைத் தவிர வேறெவரும் அமரார். பந்தயத்துக்கு முன், கடைக்காரன் இரண்டு சக்கரங்களிலும் கைவைத்து, "ரெண்டும் சமம்" என்று எல்லோர் முன்னும் சத்தியம் சொல்வான். அதன் பிறகே கயிறு அவிழும்.

காப்புக் கட்டுவதற்கு முந்திய மாலை, வாஜித் அவளுடைய கணினியைத் திறந்து வைத்து நெடுநேரம் குனிந்திருந்தான்.

"என்னண்ணே, என் வண்டிக்கு ஆபரேஷனா?"

"தூசிம்மா. அம்புட்டும் தூசி. சுத்தம் பண்ணித் தாரேன். நாளைக்குக் கயிறு கட்டிட்டா நான் தொட முடியாதுல்ல?"

அவள் நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த ஒன்றரை மாதமும் அவளுடைய கைகள் அவளுக்குப் பகையாயின. முன்பு நூல் பிடித்தாற்போல் வளைந்த கார் இப்போது வளைவின் வெளிக்கரையில் போய்த் தேய்ந்தது. பிரேக்கைச் சற்று முந்தி மிதித்தால்தான் நின்றது. ஸ்டியரிங்கைச் சற்று முந்தித் திருப்பினால்தான் திரும்பியது. அவள் முந்தப் பழகினாள். பழகப் பழக ஒருவாறு ஓட்டம் வசப்பட்டது. ஆயினும் நிஹாலின் நேரத்தை எட்டவே முடியவில்லை.

"நம்ம எல் போர்டுக்கு என்ன ஆச்சு?" மூக்கையா அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று கூடம் முழுதும் கேட்கும்படி கேட்பார். "ஏ வாத்தியாரம்மா, அது பொம்பளைங்களுக்கு வண்டி பழக்குற காரு இல்ல. இதுல பக்கத்துச் சீட்டுல பிரேக்கு கெடையாது!"

கூடம் சிரிக்கும். நிஹால் மட்டும் திரும்பி, "சும்மா இருங்கண்ணே. அக்கா நல்லா ஓட்டுறவங்க. நாள் சரியில்ல, அம்புட்டுத்தான்" என்பான். அந்த இரக்கம் அவளைச் சிரிப்பைவிட ஆழமாக அறுத்தது.

வீட்டில் அம்மா செபாஸ்தியம்மாள் அவள் விரல்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். இசைவாணி தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எவரையும் ஐயுறாமல் தன்னையே ஐயுற்றாள்.

உண்மை ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் புலப்பட்டது. பயிற்சிப் பள்ளியில் உணவு இடைவேளை, கடையில் கூட்டமில்லை. நிஹால் ஓட்டிக்கொண்டிருந்தான். பிறர் சக்கரத்தைத் தொடுவதுதான் குற்றம், பார்ப்பது குற்றமன்று. அவள் அவன் பின்னால் நின்று பார்த்தாள். அந்த விளையாட்டில் ஓட்டுநரின் இடத்திலிருந்து பார்த்தால் திரைக்குள்ளும் ஒரு ஸ்டியரிங் தெரியும். அதைக் கையுறை அணிந்த இரண்டு கைகள் பற்றியிருக்கும். ஓட்டுபவர் கை திருப்பினால் அந்தக் கைகளும் திருப்பும். நிஹால் திருப்பினான். திரைக் கைகள் அவனோடு, அவன் மூச்சோடு மூச்சாகத் திரும்பின.

அவள் தன் ஆசனத்துக்கு வந்து, அமராமல் நின்றபடியே சக்கரத்தைச் சட்டென்று இடப்பக்கம் திருப்பினாள். அவள் கை போய்ச் சேர்ந்த பிறகே திரைக் கைகள் புறப்பட்டன, எசமானியின் சொல்லைக் கேட்டு, யோசித்து, எழுந்து வரும் சோம்பேறி வேலையாள் போல. மீண்டும் திருப்பினாள். மீண்டும் பிந்தின.

திரையில் காண்பது உண்மையில் ஓட்டமன்று. ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும் அசையாப் படங்களே ஓட்டமாகத் தோன்றுகின்றன. நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை விளையாடுவோர் பிரேம் என்பார்கள். வானோர்க்குக் கண் இமைப்பதில்லை என்று நம் முன்னோர் பாடி வைத்தார்கள். நிஹாலின் திரை ஏறக்குறைய அந்த இமையாப் பார்வை; நொடிக்கு நூற்று நாற்பது படம் அதில் பொழிந்தது. இவள் திரையோ மானிடரிலும் தாழ்ந்தது. அவள் கை திருப்பி, அது படமாகி அவள் கண்ணுக்கு மீள்வதற்குள், அந்த வேகத்தில் கார் தன் நீளம் கடந்து போயிருக்கும். ஒன்றரை மாதமாக அவள் பார்த்தது சாலையை அன்று. கடந்துபோன சாலையின் நினைவை.

தன் ஆசனம்; தொட உரிமை உண்டு. கணினியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். பழுதுபட்ட கணினி தடுமாறும். ஒரு நேரம் நூறு காட்டும், ஒரு நேரம் முப்பது காட்டும். இது தடுமாறவில்லை. நாற்பதுக்கு மேல் போகாதே என்று அங்கே வரம்பு கட்டப்பட்டிருந்தது. திரை மூலையில் எண்ணிக்கை காட்டும் சிறு எண்ணும் மறைக்கப்பட்டிருந்தது. கடவுச்சொல் வாஜித்தினுடையது; முன்பு ஒருமுறை கடையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது அவனே அதை அவளுக்குச் சொல்லியிருந்தான். தூசி தட்டிய மாலை அவளுக்கு நினைவுக்கு வந்தது.

அவள் கத்தவில்லை. நாற்காலியில் மெல்ல அமர்ந்து எண்ணிப் பார்த்தாள்.

இப்போதே மூக்கையாவை அழைத்துக் காட்டலாம். வாஜித், "அடடா, தெரியாமப் போச்சும்மா" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு வரம்பை எடுப்பான். அதோடு நியாயம் முடிந்துவிடும். நிஹாலுக்கு ஒன்றரை மாதம் நேரான பழக்கம் இருக்கும். அவளுக்கு ஒன்றரை மாதம் கோணிய பழக்கம் இருக்கும். நியாயம் கேட்டால் நியாயம் கிடைக்கும், இடம் கிடைக்காது.

அதைவிட ஆழமான ஒன்றும் அவளுக்கு விளங்கியது. வாஜித் ஐவேளையும் தொழுபவன்; பொய்ச் சத்தியத்துக்கு நடுங்குபவன். ஆகவே ஞாயிறு காலை, பந்தயத்துக்கு முன், எவரும் வருமுன், காப்பையும் மீறி வரம்பை எடுத்துவிடுவான். அதன் பிறகு இரண்டு கணினியும் மெய்யாகவே சமம். சக்கரத்தில் கைவைத்து மெய்யே சொல்லலாம். அன்று சமமாக இல்லாதவை அவளுடைய கைகள் மட்டுமே. தாமதத்துக்குப் பழகிய கை, தாமதம் இல்லாத காரை வளைவு வருமுன்னே திருப்பிச் சுவரில் கொண்டு மோதும். குற்றத்தின் சுவடு கணினியில் இராது. அவள் எலும்பில் இருக்கும்.

இவ்வளவு நேர்த்தியான கொடுமையை அவள் அதுவரை கண்டதில்லை. வெறுப்போடு ஒரு வியப்பும் அவளுக்கு உண்டாயிற்று. வியப்பு பாடமாயிற்று.

அன்று முதல் நாள்தோறும் உணவு இடைவேளையில் வந்தாள். லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு அண்ணனும் தம்பியும் பள்ளிவாசலுக்குப் புறப்படும்போது, "செத்த கடையப் பாத்துக்கம்மா, வந்துர்றோம்" என்று வாஜித் சொல்வான். "போயிட்டு வாங்கண்ணே, நான் இருக்கேன்" என்பாள். காலடி ஓசை படியிறங்கியதும் வரம்பை எடுப்பாள். திரை இமைகளைத் திறக்கும். அவள் கைகள் சுவரில் மோதி, மோதி, மீண்டும் பிறக்கும். படியில் செருப்போசை கேட்டால் வரம்பை மறுபடி கட்டிவிட்டு, முகத்தில் பழைய சோர்வை எடுத்து அணிந்துகொள்வாள். மாலைகளில், எல்லோர் முன்னும், வேண்டுமென்றே தோற்றாள். மூக்கையா கேலி செய்தார். நிஹால் இரக்கப்பட்டான். வாஜித் கல்லாவுக்குப் பின்னால் அமர்ந்து அவள் நேரத்தைப் பார்த்து, கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். இப்படி ஒரே கையில் இரண்டு காலங்களைப் பழக்கினாள்.

பந்தயத்துக்கு முந்திய சனிக்கிழமை மாலை வழக்கம்போல எல்லோரும் கூடினார்கள். சமோசா வந்தது. இசைவாணி எழுந்து நின்றாள்.

"வாஜித் அண்ணே, ஒரு சேதி. சத்தியத்த இன்னிக்கே வச்சுக்குவோமா?"

வாஜித்தின் கையில் இருந்த தேநீர்க் குவளை நின்றது. "நாளைக்கித்தானம்மா வழக்கம்."

"நாளைக்கிக் கூட்டமா இருக்கும். இன்னிக்கி நம்ம ஆளுக மட்டும்தான். நீங்க ஒரு சொல்லு சொல்லிட்டா நான் நிம்மதியாத் தூங்குவேன்."

"ஏன், எல் போர்டுக்குச் சந்தேகமா?" மூக்கையாவுக்குக் குஷி பிறந்துவிட்டது. "தோக்கப் போறோம்னு தெரிஞ்சா வண்டி மேல பழியப் போடுறது நம்ம ஆட்டோ ஸ்டாண்டுலயும் உண்டு. ஏப்பா வாஜித்து, சொல்லிப்புடு. வாத்தியாரம்மா வாயடச்சுப் போகட்டும்."

"சொல்றதுக்கு என்ன…" வாஜித் எழுந்தான். எழுந்தவன் சக்கரத்தை அணுகவில்லை.

"சக்கரத்துல வேணாம்ணே" என்றாள் அவள் மென்மையாக. "இரும்புல சத்தியம் பண்ணி என்ன? தம்பி தலையில கைய வச்சுச் சொல்லுங்க."

"தலையில சத்தியம் பண்றது எங்கள்ல கூடாதும்மா."

"கூடாதுதான். நானும் கட்டாயப்படுத்தல. ஆனா இம்புட்டுத் தயங்குறீங்களே, அதான் பயமா இருக்கு."

மூக்கையாகூட சமோசாவை மெல்லாமல் வாஜித்தைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பொறுக்கமாட்டாமல் எழுந்தவன் நிஹால். அண்ணன்மேல் விழுந்த நிழலைத் துடைக்க அவனுக்கு அவசரம்.

"என்னண்ணே யோசிக்கிறீங்க? அக்கா மனசு ஆறட்டும். சொல்லுங்க." அண்ணனின் கையைத் தானே பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். கன்னத்தில் குழி விழுந்தது.

வாஜித் இசைவாணியைப் பார்த்தான். அவள் கண் இமைக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அந்தப் பார்வையில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. உண்மையைச் சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. தம்பியின் மயிர் அவன் உள்ளங்கையில் மென்மையாக இருந்தது.

"ரெண்டும்… சமம்."

"இப்ப எப்படி இருக்கோ அப்படியேவா?"

"அப்படியே."

"போதும்ணே. சமம்னா, நாளைக்கி ரெண்டு ஓட்டம் ஓடுவோம். முத ஓட்டம் அவங்கவங்க சீட்டு. ரெண்டாவது சீட்ட மாத்திக்கிட்டு. ரெண்டு நேரத்தையும் கூட்டி யாரு கம்மியோ அவுங்க போகட்டும்."

"நான் ரெடிக்கா!" என்றான் நிஹால்.

அவள் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தாள். அந்த ஊரிலே செய்த, உள்ளங்கை நிறையும் பித்தளைப் பூட்டு. "காப்புக் கட்டின வண்டிய யாரும் தொடப்படாதுல்ல? இன்னிக்கி உங்க பூட்டோட இதுவும் தொங்கட்டும். சாவி மூக்கையா அண்ணங்கிட்ட."

"ஆகா, நாடகமே பாக்க வேண்டாம் போலிருக்கே!" மூக்கையா சாவியை வாங்கி அரைஞாணில் கோத்துக்கொண்டார். "ஆத்தா மேல ஆணை, நாளைக்கி நான் வந்துதான் கதவு தெறக்கும்."

வாஜித் கடையைப் பூட்டினான்; அவன் பூட்டோடு அவள் பூட்டும் தொங்கியது.

ஞாயிறு பிற்பகல் மாடி கொள்ளாத கூட்டம். மஞ்சள் கயிறுகள் அவிழ்ந்தன. முதல் ஓட்டத்தில் அவள் நாற்பது பிரேமில் ஓட்டினாள். அந்த மந்தத் திரையை அவளைவிட நன்கு அறிந்தவர் உலகில் இல்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு கார் நீளம் முந்தினாள். கண்ணால் ஓட்டாமல் கணிப்பால் ஓட்டினாள். ஆயினும் நிஹால் ஒரு நொடிக்கும் குறைவான இடைவெளியில் வென்றான்.

"முடிஞ்சது ஜோலி!" மூக்கையா கை தட்டினார். "எல் போர்டக் கழட்டி ஆணியில மாட்டும்மா!"

நிஹால் ஆசனத்திலிருந்து எழுந்து, "அக்கா, அருமையா ஓட்டுனீங்க. பயந்தே போயிட்டேன்" என்றான். பொய் சொல்லத் தெரியாத முகம். அந்த முகத்தைப் பார்த்த கணத்தில், இவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு ஐயத்துக்கிடமின்றித் தெளிந்தது. நிறுத்திவிட ஒரு சொல் போதும். அவள் கையுறையைச் சரிசெய்துகொண்டு அவன் ஆசனத்தில் அமர்ந்தாள்.

இரண்டாம் ஓட்டம் தொடங்கியது. அவள் முன் உலகம் கண் திறந்தது. எண்ணமும் திருப்பமும் ஒன்றாயின. பக்கத்து ஆசனத்தில், முதல் வளைவிலேயே, நிஹாலின் கார் நேராகப் போய்ச் சுவரில் மோதியது.

கூட்டம் 'ஓ' என்றது. அவன் பின்னெடுத்துத் திருப்பி மீண்டும் விரைந்தான். இரண்டாம் வளைவில் வெளிக்கரை மணலில் புதைந்தான்.

"அண்ணே, கை பிந்துது" என்றான் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "வண்டி லேட்டா வருது. பிரேம் என்னன்னு பாருங்களேன்!"

"ஏலே, ஒன் வண்டியில போனா புலி, அடுத்தவன் வண்டியில போனா எலியா?" மூக்கையாவின் குரலுக்குக் கூடம் முழுதும் சிரித்தது. சற்றுமுன் இசைவாணியைக் கடித்த அதே சிரிப்பு. இரை மட்டும் மாறிவிட்டது.

"சத்தியமாண்ணே, என்னமோ ஆகுது. அண்ணே!"

எல்லோரும் வாஜித்தைப் பார்த்தார்கள். அவன் சுவரில் சாய்ந்திருந்தான்.

இசைவாணி சக்கரத்தைத் திருப்பியபடியே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "அண்ணன்தான் நேத்துத் தலையில கை வச்சுச் சொன்னாருல்ல தம்பி."

வாஜித் வாய் திறந்தான். "மிஷின்ல ஒண்ணும் இல்லடா" என்றான். "ஓட்டு."

தம்பி அதன் பிறகு எதையும் கேட்கவில்லை. அண்ணன் சொன்னால் அது அப்படித்தான். ஆகவே பிழை தன்னிடம்தான். அப்படி நம்பத் தொடங்கிய கணத்திலிருந்து ஒவ்வொரு வளைவிலும் தயங்கினான். தயங்கிய கை மேலும் மோதியது. அவள் இறுதிக் கோட்டைக் கடந்தபோது அவன் ஒரு சுற்று முழுதும் பின்தங்கியிருந்தான். எவரோ சீழ்க்கை அடித்தார்கள். எவரோ, "தோல் ஷாப்புல ஒரு ஆளுக்கு வேல காலி இருக்காமே!" என்றார்கள்.

கூட்டம் கலைந்தபின் நிஹால் அவளிடம் வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"அக்கா, நீங்க சொல்லிக் குடுக்குறவங்க. பொய் சொல்ல மாட்டீங்க. ஒரே ஒரு தடவ சீட்டு மாறுனதுக்கே இப்படி ஆயிட்டேனே. என் கை அம்புட்டுத்தானா?"

அவள் அவனைத் தாண்டி வாஜித்தைப் பார்த்தாள். கல்லாவின் பின்னால் அவன் கும்பிடுவது போலக் கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றான்.

"சில கைக்கு ஒரு வண்டிதான் வரும் தம்பி" என்றாள். "ஒண்ணும் குறையில்ல. வேற வேலைக்கு நல்ல கை."

படியில் இறங்கும்போது வாஜித் பின்னால் ஓடிவந்தான்.

"நான் பண்ணுனதுக்கு என்ன வேணும்னாலும் செய்யி. அவன் என்னம்மா பண்ணான்? உண்மையச் சொல்லிருக்கலாம்ல? ஒரு வார்த்த."

"நீங்க சொல்லுங்களேன். நான் தடுக்கலையே."

"நான் எப்படிச் சொல்லுவேன்? அவன் தலையில கை வச்சு…"

"வச்சது என் கையாண்ணே?"

அவள் இறங்கிப் போனாள். அவன் பாதிப் படியிலேயே நின்றான்.

கோயம்புத்தூருக்குப் புறப்படுமுன், ஒரு மாலை, விட்டுப்போன கையுறையை எடுக்க மறுபடி படியேறினாள். கடையில் கூட்டமில்லை. அவளுடைய பழைய ஆசனத்தில் நிஹால் அமர்ந்திருந்தான். சக்கரத்தில் புதிய மஞ்சள் கயிறு சுற்றியிருந்தது. அதைப் பற்றியிருந்த விரல்களில் சுண்ணாம்பு பட்டுத் தோல் வெடித்திருந்தது. அறையில் பச்சைத் தோலின் வாடை மெல்ல வீசியது.

"வாங்கக்கா!" அவன் முகம் மலர்ந்தது. "நானே காப்புக் கட்டிக்கிட்டேன். பகல்ல அத்தாவோட ஷாப்பு. சாயங்காலம் இங்க. இந்தச் சீட்டுல உங்க நேரத்த அடிக்கிற வரைக்கும் வேற சீட்டுல உக்காரதில்லன்னு வச்சிருக்கேன். அண்ணங்கிட்டயும் சொல்லிட்டேன், தூசி தட்டுறேன்னுகூடத் தொடக்கூடாதுன்னு."

இசைவாணி கல்லாப் பக்கம் பார்த்தாள். வாஜித் அங்கே இருந்தான், இளைத்திருந்தான். ஒரு விசை அழுத்தினால் தம்பியின் திரை தெளிந்துவிடும். தெளிந்த அந்தக் கணமே தம்பியின் கைக்கு வேறுபாடு தெரிந்துவிடும். கைக்குத் தெரிந்தது கருத்துக்கும் தெரியும். தலையில் வைத்த சத்தியத்தின் நிறமும் தெரியும். ஆகவே தான் கட்டிய வரம்பைத் தானே காவல் காத்துக்கொண்டு, தம்பி சுவரில் மோதும் ஓசையை மாலைதோறும் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தான்.

அவள் தன் கையுறையை எடுத்துக்கொண்டாள். போய்விட்டிருக்கலாம். ஆனால் நிஹாலின் கார் மறுபடி முதல் வளைவில் மோதி நின்றது. அவன் திரும்பி, மாணவியர் பார்ப்பது போலவே அவளைப் பார்த்தான்.

"எங்க தப்புப் பண்றேன்க்கா? நீங்க இதே சீட்டுலதான ஓட்டுனீங்க? சொல்லித் தாங்களேன்."

வாஜித் எழுந்து நின்றான்.

இசைவாணி நிஹாலின் நாற்காலிக்கு இடப்பக்கம் வந்து, தான் நாள்தோறும் கற்பிக்கும்போது காட்டுகிற பொறுமையோடு குனிந்தாள்.

"வளைவு வரட்டும்னு காத்திருக்காத. ஒரு கார் நீளம் இருக்கும்போதே பிரேக்க மிதி. கையையும் செத்த முந்தித் திருப்பு. கண்ண நம்பாத. நெதமும் இப்படியே பழகு, ரத்தத்துல ஊறணும்."

அவன் தலையசைத்து, கார் நீளம் முந்தி மிதித்தான், முந்தித் திருப்பினான். திரைக்குள் கையுறைக் கைகள் தாமதித்து எழுந்து அவனைப் பின்தொடர்ந்தன. கார் சுவரைத் தொடாமல் வளைந்தது.

"வருதுக்கா!" என்று கூவினான். கன்னத்தில் பழைய குழி விழுந்தது. "அண்ணே, பாத்தீங்களா? வருது!"

"நல்லா வருது" என்றாள் அவள். "விடாமப் பழகு."